ஆஷ்லி சிகிச்சை: மருத்துவமனையில் நடந்ததும் செய்தியில் வந்ததும்

"அமெரிக்காவில் ஊனமுற்ற ஒரு சிறுமி வளரவே கூடாது என்று பெற்றோரே மருந்து கொடுத்து நிறுத்திவிட்டார்களாமே, கருப்பையைக்கூட எடுத்துவிட்டார்களாமே, நிஜமா? எந்த டாக்டர் இதற்கு ஒத்துக்கொண்டார்? நம் நாட்டில் இப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நிஜம்தான். ஆனால் பதில் கொஞ்சம் நீளும். நான் இயன்முறை மருத்துவம் செய்பவன். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடும் அவர்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்துபோன அம்மாக்களோடும்தான் என் நாள் கழிகிறது. அதனால் இதை வெறும் பட்டிமன்றத் தலைப்பாக என்னால் பார்க்க முடியவில்லை.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆஷ்லி 1997-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தவள். பிறந்த கொஞ்ச நாளிலேயே மூளை வளர்ச்சியில் கோளாறு இருப்பது தெரிந்தது. காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை. இனி மோசமாகவும் ஆகாது, சரியாகவும் ஆகாது என்ற வகை. தலை நிற்காது, தானாகப் புரள முடியாது, பேச்சு கிடையாது, உணவு குழாய் வழியாகத்தான். அம்மா, அப்பா, இரண்டு பாட்டிகள் என்று வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வைத்த இடத்தில், பெரும்பாலும் ஒரு தலையணை மேல், அப்படியே இருப்பாள் என்பதால் பெற்றோர் அவளைச் செல்லமாக "தலையணை தேவதை" என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் பின்னால் உலகம் முழுக்க ஓடியது.

ஆறரை வயதிலேயே பருவமடைவதன் அறிகுறிகள் தெரிய ஆரம்பித்தன, உயரமும் வேகமாகக் கூடியது. பெற்றோர் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில் டேனியல் குந்தர் என்ற ஹார்மோன் நிபுணரிடம் போனார்கள். இவள் பெரிதாக வளர்ந்துவிட்டால் எங்களால் தூக்க முடியாது. தூக்க முடியாவிட்டால் வெளியே கூட்டிப்போக முடியாது, படுக்கையோடு படுக்கையாகிவிடுவாள், படுக்கைப்புண்ணும் நெஞ்சில் சளி கட்டுவதும் தொடங்கிவிடும் என்பது அவர்கள் பயம். 2004 மே மாதம் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு (ஒரு சிகிச்சை நியாயமானதா என்று ஆலோசனை சொல்லும் குழு) கூடி, பெற்றோர் கேட்டதைச் செய்யலாம் என்று கருத்துச் சொன்னது. ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்தது. கருப்பையை எடுத்தார்கள். மார்பகம் வளராமலிருக்க அதன் மொட்டுகளை எடுத்தார்கள். வயிற்றைத் திறந்தபோதே குடல்வாலையும் எடுத்தார்கள், பின்னால் அதில் அழற்சி வந்தால் வலிக்கிறது என்று அவளால் சொல்ல முடியாது என்பதற்காக. அப்புறம் சுமார் இரண்டரை வருடம், 2006 முடியும் வரை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அதிக அளவில் கொடுத்தார்கள்.

ஈஸ்ட்ரோஜன் எப்படி உயரத்தை நிறுத்துகிறது என்றால், நம் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. அவை திறந்திருக்கும் வரைதான் எலும்பு நீளும். பருவ வயதில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அவற்றை மெல்ல மூடுகிறது. மருந்தாக அதிகமாகக் கொடுத்தால் சீக்கிரமே மூடிவிடும். ஆஷ்லியின் உயரம் சுமார் நாலடி ஐந்து அங்குலத்தோடும், எடை சுமார் 30 கிலோவோடும் நின்றது. உயரத்தில் 20 சதவீதமும் எடையில் 40 சதவீதமும் குறைத்துவிட்டதாகப் பெற்றோர் கணக்குச் சொன்னார்கள். இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முன்கூட்டியே பருவமடையும் குழந்தைகளுக்கு எலும்பு முனைகள் சீக்கிரம் மூடி, மருந்தே கொடுக்காவிட்டாலும் உயரம் குறைந்துபோவது சாதாரணம். மருந்தால் எவ்வளவு குறைந்தது என்று ஒரே ஒரு குழந்தையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

இந்த மருந்து புதிதும் அல்ல. 1950-களிலிருந்தே "பெண் பிள்ளை ரொம்ப உயரமாகிவிடுவாள், கல்யாணம் ஆகாது" என்ற கவலைக்காக நல்ல ஆரோக்கியமான சிறுமிகளுக்கு இதே ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி மருந்து எடுத்த ஆஸ்திரேலியப் பெண்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தபோது, அவர்களில் பலருக்குக் கருத்தரிப்பதில் சிக்கல் இருந்தது தெரிந்தது. அந்த ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது 2004-ல், ஆஷ்லிக்கு அறுவை சிகிச்சை நடந்த அதே வருடம். உடம்பில் நோய் இல்லாதபோது, அடுத்தவர்களின் சங்கடத்தைத் தீர்க்க ஒரு குழந்தைக்கு மருந்து கொடுத்தால் அதன் விலை தெரிய முப்பது நாற்பது வருடம்கூட ஆகலாம்.

சரி, செய்திக்கு வருவோம். எனக்கு ஆதங்கம் அதிகம் இங்கேதான்.

குந்தரும் டக்ளஸ் டீக்கிமா என்ற மருத்துவ நெறிமுறை நிபுணரும் சேர்ந்து 2006 அக்டோபரில் ஒரு குழந்தைகள் மருத்துவ இதழில் ஆஷ்லியைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அதே இதழிலேயே வேறு இரண்டு மருத்துவர்கள் இதைக் கேள்வி கேட்டுத் தலையங்கம் எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரை வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதைப் பற்றி விரிவாகப் பேசியது, கருப்பை எடுத்ததையும் சொன்னது. மார்பக மொட்டுகளை எடுத்ததை மட்டும் சொல்லவில்லை. 2007 ஜனவரி தொடக்கத்தில் பெற்றோரே ஓர் இணையதளம் தொடங்கி எல்லாவற்றையும் எழுதிய பிறகுதான் அது உலகத்துக்குத் தெரிந்தது. மருத்துவ இதழில் மறைந்துபோன ஒரு விஷயத்தைப் பெற்றோர்தான் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களுடைய முடிவை நான் ஏற்காவிட்டாலும் இந்த நேர்மையை மதிக்கிறேன்.

ஜனவரி 3-ம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் செய்தி வந்தது. அடுத்த சில நாட்களில் உலகம் முழுக்கப் பரவியது. பெற்றோர் பெயரைச் சொல்லவில்லை, தொலைக்காட்சிக்கு வரவில்லை. அவர்கள் இடத்தில் மருத்துவர்கள் பேசினார்கள், தத்துவப் பேராசிரியர்கள் பேசினார்கள், லேரி கிங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் விவாதம் நடந்தது. ஒரு பக்கம் "பாசமுள்ள பெற்றோர்", இன்னொரு பக்கம் "கோபக்கார ஊனமுற்றோர் அமைப்புகள்". பெரும்பாலான செய்திகள் இந்த இரண்டு கட்சிக்குள் அடங்கிவிட்டன. பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சம்: பெற்றோர் நல்லவர்களா கெட்டவர்களா என்று தீர்ப்புச் சொல்வது.

அந்தக் குடும்பத்தின் படம் ஒன்று எல்லா இடத்திலும் வந்தது. அதில் பெற்றோரின் முகமும் கூடப்பிறந்தவர்களின் முகமும் மறைக்கப்பட்டிருந்தன. ஆஷ்லியின் முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தரங்கம் என்பது வீட்டில் எல்லாருக்கும் உண்டு, அவளுக்கு மட்டும் இல்லை. ஒன்பது வயதுப் பெண் குழந்தை. அவளுடைய கருப்பை, மார்பு, எடை, உயரம் எல்லாவற்றையும் உலகமே பேசிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை வெளியிட்ட எத்தனை ஆசிரியர்கள் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு பிழை, "மூன்று மாதக் குழந்தையின் மனம்" என்ற தொடர். ஏறக்குறைய எல்லாச் செய்தியிலும் வந்தது. அளந்து பார்த்துச் சொன்ன உண்மை போல அது ஒலிக்கும். ஆனால் நகரவோ பேசவோ சுட்டிக்காட்டவோ முடியாத ஒருவரின் மனதை அளப்பதற்கு நம்மிடம் நல்ல கருவி எதுவும் இல்லை. ஒன்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே குரல்களைக் கேட்டு, பிடித்த பாட்டுக்குச் சிரித்து வளர்ந்தவள் மூன்று மாதக் குழந்தை அல்ல. அந்த ஒரு தொடரை ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகிவிடுகிறது: மூன்று மாதக் குழந்தைக்கு எதற்கு மார்பகம், எதற்குக் கருப்பை, எதற்கு உயரம்? பீட்டர் சிங்கர் போன்ற பெரிய தத்துவவாதியே நியூயார்க் டைம்ஸில் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனார். அவளுக்குக் கண்ணியம் என்ற சொல்லே பொருந்துமா என்று கேட்டார்.

மூன்றாவது பிழையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தனித்தனியாக நியாயம் கேட்க வேண்டிய மூன்று காரியங்களை "ஆஷ்லி சிகிச்சை" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். பெற்றோரே அப்படித்தான் பெயர் வைத்தார்கள், செய்தியாளர்கள் அதை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

அவிழ்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? உயரத்தைக் குறைத்ததற்குச் சொன்ன காரணம், தூக்குவது. இதை நான் எள்ளளவும் அலட்சியமாக நினைக்க மாட்டேன். பதினான்கு வயதுப் பையனை மூன்றாவது மாடியிலிருந்து தோளில் போட்டு இறக்கும் அம்மாவை வாராவாரம் பார்க்கிறேன். கருப்பையை எடுத்ததற்கு மாதவிடாய் வலி வரக்கூடாது, ஈஸ்ட்ரோஜனால் ரத்தப்போக்கு வரக்கூடாது என்பவை காரணங்கள். கர்ப்பம் பற்றிய பயமும் கூட இருந்தது. வலிக்கு மருந்து இருக்கிறது. மாதவிடாயை நிறுத்தி வைக்க, திரும்பப் பெறக்கூடிய வழிகள் இருக்கின்றன. கர்ப்பம் பற்றிய பயம் உண்மையில் பலாத்காரம் பற்றிய பயம். கருப்பையை எடுத்தால் கர்ப்பம் நிற்கும், பலாத்காரம் நிற்காது. சொல்லப்போனால் அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஓர் அடையாளமும் போய்விடும்.

மார்பக மொட்டுகள்? சக்கர நாற்காலியின் பட்டை அழுத்தும், குடும்பத்தில் பெரிய மார்பகமும் மார்பகப் புற்றுநோயும் இருக்கின்றன என்று பெற்றோர் எழுதினார்கள். பார்த்துக்கொள்பவர்களின் கண்ணில் அவள் பாலியல் உருவமாகத் தெரியாமல் இருக்கவும் உதவும் என்றார்கள். பட்டை அழுத்தினால் பட்டையை மாற்ற வேண்டும். இதை ஓர் இயன்முறை மருத்துவனாகவே சொல்கிறேன், இருக்கையை உடம்புக்கு ஏற்ப அமைப்பதுதான் எங்கள் தொழில். கடைசிக் காரணத்துக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை. தப்பு செய்யக்கூடியவனின் கண்ணுக்காக ஒரு குழந்தையின் உடம்பை வெட்டியிருக்கிறார்கள்.

"எந்த டாக்டர் ஒத்துக்கொண்டார்" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு அடியில் ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது. செய்தி சூடாக இருந்த ஜனவரியில் அதைத் தொட்டவர்கள் குறைவு. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, "மனவளர்ச்சி இல்லை", "பரம்பரை சரியில்லை" என்று சொல்லி, அவர்கள் சம்மதம் இல்லாமலே மலடாக்கும் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். 1927-ல் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. அந்த வரலாற்றின் காயம் இருப்பதால்தான் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1980-ல் ஹேய்ஸ் வழக்கில் கடுமையான நிபந்தனைகள் போட்டது. மகளுக்குக் கருத்தடை செய்ய ஒரு தாய் அனுமதி கேட்ட வழக்கு அது. பெற்றோர் கேட்டால் மட்டும் போதாது, நீதிமன்ற ஆணை வேண்டும். அந்தப் பெண்ணுக்காக மட்டும் வாதாட, வேறு எந்த லாபமும் இல்லாத ஒரு தனிப் பாதுகாவலரை நியமிக்க வேண்டும். இதைவிடச் சிறிய வழி எதுவும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்றது.

ஆஷ்லிக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. கருப்பை நீக்கத்துக்கு நீதிமன்றம் போக வேண்டும் என்று நெறிமுறைக் குழு சொல்லியிருந்தது. ஆனால் பெற்றோரின் வழக்கறிஞர், கருத்தடை இங்கே நோக்கமல்ல, பக்க விளைவுதான், அதனால் ஆணை தேவையில்லை என்று கடிதம் கொடுத்தார். மருத்துவமனை அதையே போதும் என்று எடுத்துக்கொண்டது. ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் மாநில அமைப்பு ஒன்று விசாரித்து 2007 மே 8-ம் தேதி அறிக்கை வெளியிட்டது. நீதிமன்ற ஆணை இல்லாமல் கருப்பையை எடுத்தது சட்டவிரோதம் என்று மருத்துவமனையே ஒப்புக்கொண்டது. இனிமேல் இப்படிப்பட்ட கருத்தடைக்கும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சிகிச்சைக்கும் நீதிமன்றம் போவோம், நெறிமுறைக் குழுவில் ஊனமுற்றோர் சார்பாகப் பேசும் ஒருவரைச் சேர்ப்போம் என்றும் ஒப்பந்தம் செய்தது.

அந்தச் சின்ன வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள்: இனிமேல் ஒருவரைச் சேர்ப்போம். அப்படியானால் 2004 மே மாதம் அந்த அறையில் பெற்றோருக்காகப் பெற்றோர் பேசினார்கள், மருத்துவத்துக்காக மருத்துவர்கள் பேசினார்கள். ஆஷ்லிக்காக மட்டும் பேச வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. பெற்றோர்தான் அவளுக்காகப் பேசினார்களே என்று கேட்கலாம். பாசத்தில் குறை சொல்லவில்லை. ஆனால் தூக்குகிறவரின் வலியும் தூக்கப்படுகிறவரின் நலனும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தாலும் எப்போதும் ஒன்றல்ல. இரண்டும் பிரியும் இடத்தில் இன்னொருவர் வேண்டும். நீதிமன்றம் கேட்டது அந்த ஒருவரைத்தான், பெற்றோரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை.

ஊனமுற்றவர்கள் ஏன் இவ்வளவு கொதித்தார்கள் என்பதும் செய்தியில் சரியாக வரவில்லை. அதே வருடம் ஜூனில் ஆன் மெக்டொனால்ட் என்ற ஆஸ்திரேலியப் பெண் சியாட்டில் நாளிதழ் ஒன்றில் எழுதினார். மூளை முடக்குவாதத்தோடு மூன்று வயதில் மெல்போர்னில் ஒரு விடுதியில் விடப்பட்டவர். ஊட்டம் இல்லாததால் வளர்ச்சியே நின்றுபோனது. 1979-ல் நீதிமன்றம் போய் 18 வயதில் வெளியே வந்தபோது ஒரு சிறு குழந்தை அளவே இருந்தார், பிறகுதான் வளர்ந்தார். நானும் உங்கள் தலையணை தேவதை போலத்தான் இருந்தேன், குட்டையாக இருந்தது எனக்கு எந்த நன்மையும் செய்யவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பேசத் தொடங்கியது, வேறொருவர் கையைத் தாங்கிப்பிடிக்க எழுத்துகளைத் தொட்டுக்காட்டும் முறையில். அந்த முறையில் வருவது தாங்கிப்பிடிப்பவரின் சொற்களே என்று பல சோதனைகள் காட்டியிருப்பதால் அறிவியல் உலகம் அதை ஏற்பதில்லை. அதனால் அவர் வார்த்தைகளை நான் ஆதாரமாக வைக்கவில்லை. அவர் உடம்பை வைத்து மட்டும் சொல்கிறேன்: இதிலிருந்து எதுவும் வராது என்று ஒதுக்கப்பட்ட உடம்பு, சாப்பாடும் கவனிப்பும் கிடைத்ததும் வளர்ந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சியாட்டிலில் மருத்துவர்கள், தத்துவவாதிகள், ஊனமுற்றோர் உரிமைக்காரர்கள், பெற்றோர்கள் என்று இருபது பேர் சேர்ந்து நீண்ட நாள் உட்கார்ந்து பேசி 2010-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். மிகக் கடுமையான பாதிப்புள்ள குழந்தைகளுக்குத் தகுந்த பாதுகாப்புகளோடு வளர்ச்சியை மட்டும் கட்டுப்படுத்துவது நெறிமுறைப்படி அனுமதிக்கத்தக்கதே என்று பெரும்பாலானோர் ஏற்றார்கள். எல்லாரும் அல்ல. கடும் ஊனமுள்ள மகளின் தாயும் தத்துவப் பேராசிரியருமான ஈவா கிட்டேய் என்பவர், தன் மகளுக்கு இதைச் செய்ய மனம் ஒப்பாது என்று தனியாக எழுதினார். இந்த அறிக்கைக்கு ஜனவரிப் புயலில் கிடைத்த கவனத்தில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. பொறுமையாக எட்டிய முடிவைவிட முதல் அதிர்ச்சிதான் செய்தியாகிறது.

என் கருத்தைக் கேட்டால், மார்பக மொட்டுகளையும் கருப்பையையும் எடுத்தது தவறு. வளர்ச்சி மருந்தைப் பொறுத்தவரை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கும் கருவியும், சாய்தளமும், வாரத்தில் சில மணி நேரம் வந்து பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்ற ஆளும் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்காதபோது, குழந்தையைச் சிறியதாக்குவது தீர்வு என்று பேசுவதே எனக்கு வலிக்கிறது.

நம் நாட்டில் முடியுமா? ஏற்கெனவே நடந்திருக்கிறது, அதுவும் அரசு விடுதியில். 1994 பிப்ரவரியில் புனே அருகே ஷிரூரில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான அரசு இல்லத்திலிருந்து பெண்களைக் கொண்டுவந்து புனே சசூன் மருத்துவமனையில் கருப்பையை எடுத்தார்கள். மாதவிடாய்ச் சுத்தம் பார்க்க முடியவில்லை என்பதுதான் காரணம். பெண்கள் அமைப்புகள் போராடிய பிறகே நிறுத்தினார்கள். இன்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, சம்பந்தப்பட்டவரின் சுதந்திரமான, விவரமறிந்த சம்மதம் இல்லாமல் அவரை மலடாக்கும் எந்த மருத்துவச் செயலையும் செய்யக்கூடாது என்கிறது. இதற்கு முன்மாதிரி ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. அதன் 23-வது பிரிவு குழந்தைகளையும் சேர்த்தே பேசுகிறது. ஐ.நா. பொதுச்சபை அதை நிறைவேற்றியது 2006 டிசம்பர் 13-ல், ஆஷ்லியின் பெற்றோர் இணையதளம் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பு.

சட்டம் இருந்தாலும் கேள்வி என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. "பெரியவளாகிட்டா சார், கருப்பையை எடுத்துடலாமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் அம்மாக்கள் உண்டு. சட்டப்படி முடியாது என்று ஒரே வரியில் அனுப்பிவிட மாட்டேன். உட்கார வைத்து, நாப்கின் மாற்றுவது யார், எத்தனை தடவை, வலி வருவது எப்படித் தெரிகிறது, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்குள் அழுதுவிடுவார்கள். கேள்வி கருப்பையைப் பற்றியது அல்ல என்று அப்போது தெரியும். நான் வேலைக்குப் போகும்போது இவளை யாரிடம் விட்டுப்போவது, எனக்குப் பிறகு இவள் என்ன ஆவாள் என்பதுதான் அவர்கள் கேட்க வந்தது. மாதவிடாய்க்குப் பெண்கள் நல மருத்துவரிடம் அனுப்புகிறேன், தூக்குவதற்கு முறை சொல்லிக்கொடுக்கிறேன். விட்டுப்போக ஓர் இடம் மட்டும் என்னால் காட்ட முடிவதில்லை.